பாவித்த வோக்கி வாங்கிப் புரோகிராம் செய்வது: யாழ்ப்பாணத்து மீட்பு அணிகளுக்கு

தீயணைப்புப் பிரிவு, அம்புலன்ஸ் சேவை, முதலுதவித் தொண்டர்கள், பிரதேச சபையின் அனர்த்தக் குழு, திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்தும் இளைஞர் அணி என்று எங்கே போனாலும் வோக்கி-டோக்கி வாங்கிப் புரோகிராம் செய்யும் வேலை யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். "தம்பி, நீர்தானே போன், லப்டொப் எல்லாம் பார்க்கிறனீர், இந்த வோக்கி விசயத்தையும் ஒருக்கால் பாரும்" என்று தலைவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படி மாட்டுப்பட்டவருக்காக இதை எழுதுகிறேன்.

கைத்தொலைபேசி இருக்கும்போது வோக்கி எதற்கு என்று கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் கேட்பார். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையையும் 2020 டிசம்பரில் புரெவியையும் நினைவுபடுத்துங்கள். மின்சாரம் போனால் தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரியிலும் ஜெனரேற்றரிலும்தான் நிற்கும். அதே நேரத்தில் எல்லோரும் எல்லோரையும் அழைப்பதால் இருக்கிற இணைப்பும் நெரிந்துபோகும். வோக்கியில் ஒருவர் ஒருமுறை சொன்னால் அணி முழுவதும் கேட்கும். படகில் நிற்பவருக்குத் தனியாக, கரையில் நிற்பவருக்குத் தனியாக அழைப்பு எடுக்கத் தேவையில்லை.

வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் அனுமதி, பிறகு எந்த வகைச் செற் (வோக்கிக் கருவி) என்ற முடிவு, அதன் பிறகு வாங்குவது, கடைசியாகப் புரோகிராம், அதாவது கணினி மூலம் சனல்களைச் செற்றுக்குள் எழுதுவது. பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்ச் சங்கம் "இருபது செற் மலிவாகக் கிடைக்குது, அனுப்பட்டோ?" என்று கேட்கும். இங்கே உடனே ஓம் என்று சொல்லிவிடுவார்கள். பெட்டி சுங்கத்தில் நின்ற பிறகுதான் அனுமதி பற்றிய பேச்சே எழும்.

அனுமதி

இலங்கையில் ஒலிபரப்பும் எந்தக் கருவியையும் வைத்திருக்கவும் பாவிக்கவும் இறக்குமதி செய்யவும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் 1996இல் வந்த அதன் திருத்தமும்தான் அடிப்படை. ஆணைக்குழுவின் அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது.

விண்ணப்பம் தனி ஆளின் பெயரில் போகக்கூடாது, அமைப்பின் பெயரில் போக வேண்டும். பதிவுச் சான்றிதழ், ஏன் வோக்கி தேவை என்ற கடிதம், எத்தனை கைச்செற், எத்தனை வாகனச் செற், ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் நிலையச் செற்றின் அன்ரனா எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற விவரம், வரைபடத்தில் அந்த இடத்தின் ஆள்கூறு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்யும் அணி என்றால் அவர்களிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிச் சேர்ப்பது நல்லது. இடையில் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதல் கேட்கப்பட்டால் வியப்படைய வேண்டாம், அதற்குப் போகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

கிடைக்கும் அனுமதிப்பத்திரத்தில் உங்களுக்குரிய மீடிறன், அலைவரிசையின் அகலம், சக்தி எத்தனை வாற்று என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். செற்றைத் தெரிவு செய்ய உங்களுக்கு அந்தத் தாள்தான் வேண்டும். அதோடு, வாங்க நினைக்கும் மாதிரி ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட வகைதானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்ளாத மாதிரி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உங்கள் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

யாழ்ப்பாணத்தில் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் டோர்ச் பற்றரியே வர முடியாத ஊர் இது. கையில் அன்ரனா நீட்டிக்கொண்டு ஒரு கருவியோடு நின்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுக்கப்பட்டது என்பது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். காலம் மாறிவிட்டது உண்மை. ஆனால் பண்ணைப் பாலத்தில் நின்று "ஹலோ, ஹலோ, கேட்குதா" என்று சோதிக்கும் இளைஞரிடம் அனுமதிப்பத்திரத்தின் பிரதி இல்லாவிட்டால் அன்றைய பொழுது வீணாகிவிடும். ஒவ்வொரு செற்றோடும் லமினேற் செய்த பிரதி ஒன்றும் அமைப்பின் அடையாள அட்டையும் போகட்டும்.

எந்த வகைச் செற்

நமது தேவைக்கு இரண்டு பட்டைகள்தான் முக்கியம். 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரையானது வீ.எச்.எவ். ஏறத்தாழ 400 முதல் 470 வரையானது யூ.எச்.எவ். திறந்த வெளி, வயல், கடல், பனங்கூடல் என்றால் வீ.எச்.எவ் நல்லது. போதனா வைத்தியசாலை போன்ற கொங்கிறீற் கட்டடத்துக்குள், மாடிக்கு மாடி கதைக்க வேண்டும் என்றால் யூ.எச்.எவ் நன்றாக நுழையும். ஒரு செற் பொதுவாக ஒரு பட்டைக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். வீ.எச்.எவ் அனுமதி எடுத்துவிட்டு யூ.எச்.எவ் செற் வாங்கினால் எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது. அதனால் மாதிரியின் பெயர் மட்டும் போதாது, லேபிளில் உள்ள முழு மாதிரி இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மோட்டரோலா ஜீ.பீ. 328 என்ற ஒரே பெயரில் வீ.எச்.எவ் செற்றும் உண்டு, யூ.எச்.எவ் செற்றும் உண்டு.

வெளிநாட்டுத் தீயணைப்புப் படை பாவித்த செற் என்றால் தரம் உயர்ந்ததுதான். ஆனால் தரம் வேறு, உங்களுக்குப் பொருந்துவது வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து வருபவற்றில் பல 700, 800 மெகாஹேர்ட்ஸில் பீ 25 என்ற டிஜிற்றல் முறையில் வேலை செய்பவை. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இருந்து வருபவை பெரும்பாலும் ரெற்றா என்ற இன்னொரு டிஜிற்றல் முறைச் செற்கள். அவை 380 முதல் 400 வரையான பகுதியில், பின்னால் ஒரு முழு வலையமைப்பை நம்பி இயங்குபவை. இரண்டும் இங்கே உங்களுக்கு உதவாது. உறவினர் ஆசையோடு அனுப்ப நினைத்தால் மனம் நோகாமல் மறுத்து, அந்தப் பணத்தில் புதிய பற்றரிகள் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு விசயம், பழைய செற்களின் அலைவரிசை அகலம். 2013 ஜனவரி முதலாம் திகதியோடு அமெரிக்காவில் தரையில் இத்தகைய செற் பாவிப்பவர்கள் 25 கிலோஹேர்ட்ஸில் இருந்து 12.5க்கு மாற வேண்டும் என்று விதி வந்தது. அப்போது வேண்டாம் என்று கழிக்கப்பட்ட, அகல அலைவரிசையில் மட்டும் இயங்கும் பழைய செற்கள் இன்னும் மலிவாகச் சுற்றி வருகின்றன. உங்கள் அனுமதி 12.5 என்று சொன்னால் அவை வேண்டாம்.

என் சிபாரிசு எளியது. புதிய அணி டிஜிற்றல் அல்லாத பழைய முறையான அனலொக்கில் தொடங்கட்டும். மோட்டரோலா ஜீ.பீ. 328, ஜீ.பீ. 338, வாகனத்துக்கு ஜீ.எம். 338, கென்வூட் ரீ.கே. 2180 போன்றவை அடிபட்டாலும் நிற்கும். உதிரிப்பாகமும் தேடினால் கிடைக்கும். அனலொக்கில் மோட்டரோலாவும் கென்வூட்டும் ஐகொமும் தங்களுக்குள் சண்டை பிடிக்காமல் கதைக்கும். டீ.எம்.ஆர். என்ற டிஜிற்றல் முறை ஒரே 12.5 கிலோஹேர்ட்ஸில் இரண்டு உரையாடல்களைக் கொண்டுபோகும், நல்ல முறைதான். ஆனால் வர்ணக் குறியீடு, நேரப் பிரிவு, குழு இலக்கம் என்று மூன்றும் பொருந்தாவிட்டால் சத்தமே வராது. முதல் வெள்ளத்திலேயே அதைக் கண்டுபிடிக்க வேண்டுமா?

மலிவான சீனச் செற்கள் பற்றியும் கேட்பீர்கள். பொழுதுபோக்குக்குச் சரி. முகப்புப் பொத்தானில் எந்த மீடிறனையும் அடித்து ஒலிபரப்பக்கூடிய செற்றை இருபது தொண்டர்களிடம் கொடுத்தால், அதில் ஒருவர் என்றைக்காவது தெரியாமல் பொலிஸ் அலைவரிசையில் போய் நிற்பார். மீட்பு அணியின் செற்றில் குமிழும் பேசும் பொத்தானும் மட்டும் இருப்பதே பாதுகாப்பு.

வாங்கும்போது பார்ப்பது

ஆணைக்குழுவின் விற்பனையாளர் அனுமதி உள்ள இடத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு செற்றின் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும். கணினியில் இணைத்து வாசித்தால் செற்றுக்குள் பதிந்த தொடர் இலக்கம் தெரியும். பின்பக்க லேபிளில் உள்ளதும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் அது இரண்டு செற்றில் இருந்து ஒன்று செய்தது, அல்லது களவுப் பொருள். இரண்டுமே வேண்டாம்.

கையில் எடுத்தவுடன் அன்ரனா பூட்டும் இடத்தை ஆட்டிப் பாருங்கள். செற்றை அன்ரனாவில் பிடித்துத் தூக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு, அதனால் அந்த இடம்தான் முதலில் தளரும். பேசும் பொத்தானின் இறப்பர் வெடித்திருக்கிறதா, குமிழ் ஒவ்வொரு இலக்கத்திலும் "டக்" என்று நிற்கிறதா, பற்றரி தொடும் செப்புத் தகடுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் பாவித்த செற் என்றால் ஒலிபெருக்கியின் வலைக்குள் உப்பு வெள்ளையாகத் தெரியும். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

சக்தியைக் கடையிலேயே அளக்கலாம். அன்ரனாவுக்குப் பதிலாகப் பூட்டும் 50 ஓம் போலிச் சுமையும் வாற்று மீற்றரும் போதும். வீ.எச்.எவ் கைச்செற் ஏறத்தாழ 5 வாற்று, யூ.எச்.எவ் ஏறத்தாழ 4 வாற்று காட்ட வேண்டும். அன்ரனாவோ போலிச் சுமையோ இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள், கடைசி நிலை ட்ரான்சிஸ்டர் எரிந்துபோகலாம். விற்பவரிடம் சர்வீஸ் மொனிற்றர் என்ற சோதனைக் கருவி இருந்தால் மீடிறன் விலகலையும் காட்டச் சொல்லுங்கள். 2.5 பீ.பீ.எம். (பத்து இலட்சத்தில் 2.5 பங்கு) என்று குறிப்பிட்ட செற் 155 மெகாஹேர்ட்ஸில் 390 ஹேர்ட்ஸுக்கு மேல் விலகக்கூடாது.

பாவித்த செற்றோடு வரும் பற்றரியைப் பூச்சியம் என்று கணக்குப் போடுங்கள். அது வேலை செய்தால் அதிர்ஷ்டம். செற் ஒன்றுக்குப் புதிய பற்றரி இரண்டு, சார்ஜர் ஒன்று, இதுதான் உண்மையான விலை.

புரோகிராம்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். சனலின் பெயர், கேட்கும் மீடிறன், அனுப்பும் மீடிறன், உபதொனி (விளக்கம் கீழே வரும்), அகலம், சக்தி. எல்லாச் செற்றிலும் ஒன்றாம் இலக்கம் ஒரே சனலாக இருக்க வேண்டும். இருட்டில், மழையில், குமிழைக் கடைசிவரை இடப்பக்கம் திருப்பினால் தலைமைச் சனல் வரும் என்று ஒருவர் நம்பும்படி வையுங்கள்.

மென்பொருள் ஒவ்வொரு கம்பனிக்கும், பல நேரம் ஒவ்வொரு மாதிரிக் குடும்பத்துக்கும் வேறு. ரீ.கே. 2180க்குக் கே.பீ.ஜீ. 89டீ, மோட்டரோலாவுக்கு அந்தந்தக் குடும்பத்தின் சீ.பீ.எஸ். என்ற புரோகிராம் மென்பொருள். மிகப் பழைய செற்களுக்கு டொஸ் காலத்து மென்பொருளும் சீரியல் துவாரம் உள்ள கணினியும் தேவைப்படும், அந்தத் தலையிடி உங்களுக்கு வேண்டாம். விற்பவரிடமே உரிய மென்பொருளைக் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்தோ இறக்கிய உடைத்த பிரதி வைரஸோடு வரும், பாதியில் நின்று செற்றையும் முடக்கும். கேபிளில் எவ்.ரீ.டீ.ஐ. சிப் உள்ளது பார்த்து வாங்குங்கள். மலிவான கேபிள்களில் இருக்கும் போலி ப்ரொலிபிக் சிப்பைப் புதிய விண்டோஸ் ட்ரைவர் ஏற்காது. செற் பழுது என்று நினைத்து நாள் முழுவதும் தேடுவீர்கள், குற்றவாளி கேபிளாக இருக்கும்.

இனி வேலை. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியைப் போடுங்கள், எழுதும்போது மின் போனால் செற் செத்துவிடலாம். முதலில் எழுதாதீர்கள், வாசியுங்கள். வாசித்த கோப்பைத் தொடர் இலக்கத்தின் பெயரிலேயே இரண்டு இடத்தில் சேமியுங்கள். இந்த மூலக் கோப்பைத் தொடவே கூடாது. வாசிக்கும்போது கடவுச்சொல் கேட்டால் அந்தச் செற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு பழைய உரிமையாளரின் சனல்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். யாரோ ஒரு டாக்ஸிக் கம்பனியின் மீடிறன் உங்கள் செற்றில் கிடந்தால், அதில் ஒருவர் பொத்தானை அழுத்திய கணமே நீங்கள் அனுமதியை மீறுகிறீர்கள். ஸ்கான் பட்டியல் (செற் தானாக மாறி மாறிக் கேட்கும் சனல்கள்), அவசரப் பொத்தான், தூரத்திலிருந்து செற்றை முடக்கும் வசதி, பழைய அடையாள இலக்கம் ஆகியவையும் போகட்டும். பொலிஸ், படையினர் மீடிறன்களைக் கேட்பதற்காகக் கூடப் போடக்கூடாது. யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். படகுகளின் 16ஆம் சனலான 156.8 மெகாஹேர்ட்ஸும் கடல் சேவைக்குரியது. உங்கள் அணி கடலில் இறங்கும் என்றால் அதற்குக் கடல் வீ.எச்.எவ் செற்றும் அதற்குரிய அனுமதியும் தனியாக எடுங்கள்.

உங்கள் சனல்களை இடும்போது உபதொனி பற்றி ஒரு விளக்கம். 67.0 முதல் 250 ஹேர்ட்ஸ் வரை உள்ள மெல்லிய தொனி ஒன்று பேச்சின் கீழே போகும். அது இருந்தால் மட்டும் உங்கள் செற் வாய் திறக்கும். மோட்டரோலா பீ.எல். என்றும் கென்வூட் கியூ.ரீ. என்றும் சொல்வது இதைத்தான். அடுத்தவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். உங்கள் பேச்சை மற்றவர் கேட்பதை இது தடுக்காது. நோயாளியின் பெயரும் வீட்டு இலக்கமும் காற்றில் போகிறது என்ற நினைவு எப்போதும் இருக்கட்டும். நிலையச் செற்றில் கேட்கும் தொனியை நிறுத்தி வைப்பது என் வழக்கம், தொனி பிழைத்துப்போன செற்றின் அழைப்பும் அங்கே கேட்கும்.

தொடர்ந்து பேசும் நேரத்தை 60 வினாடியில் வெட்டும்படி வையுங்கள். சட்டைப்பைக்குள் பொத்தான் அழுந்திக்கிடக்கும் ஒரு செற் முழு அணியையும் ஊமையாக்கிவிடும். ஸ்கானைத் தொண்டர்களின் செற்றில் நிறுத்துங்கள், இரண்டாம் சனலில் கேட்ட அழைப்புக்கு ஒன்றாம் சனலில் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். மறுபக்கம் யாரும் இருபத்துநாலு மணி நேரமும் கேட்காவிட்டால் செம்மஞ்சள் அவசரப் பொத்தானுக்கு வேலை கொடுக்காதீர்கள். இருக்கிறது என்று நம்பி அழுத்துகிறவர் ஏமாறக்கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதி மூடிய அந்தச் சிறு வட்டத்துக்குள் வேலை என்றால் ஒரு சனலைக் குறைந்த சக்தியில் தனியாக வையுங்கள், பற்றரி இரவு வரை தாங்கும்.

எழுதி முடித்ததும் மீண்டும் வாசித்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு செற்றை வெளியில் கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் மற்றவற்றுக்கு அந்தக் கோப்பு. ஒரு மாதிரியின் கோப்பை வேறு மாதிரிக்குத் திணிக்காதீர்கள். செற்றின் சக்தி, மீடிறன் விலகல் போன்றவற்றைச் சரிசெய்யும் அளவீட்டு மென்பொருளைச் சோதனைக் கருவி இல்லாமல் திறக்கவே வேண்டாம்.

தூரம்

"இது எத்தனை கிலோமீற்றர் இழுக்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெட்டியில் எழுதியதை நம்பாதீர்கள். அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அலைக்கு அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்த கைச்செற்றுக்கு 5, இரண்டு கைச்செற்களுக்கு இடையில் 10. அதுவும் தடையில்லாத கடலில். வீடும் மதிலும் பனையும் உள்ள ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீற்றரோடு திருப்திப்படுங்கள். குறிகட்டுவானில் ஒருவர், நெடுந்தீவில் ஒருவர், இருவர் கையிலும் கைச்செற் என்றால் அதை நம்பி ஒரு நோயாளியைப் படகில் ஏற்றக்கூடாது.

இங்கே மலை கிடையாது, உயரத்தை நாமேதான் உண்டாக்க வேண்டும். 16 மீற்றரில் நிலைய அன்ரனா வைத்தால் அதன் அடிவானம் 16.5 கிலோமீற்றர், கைச்செற்றின் 5 சேர்ந்து 21க்கு மேல். தண்ணீர்த் தாங்கியின் மேல் வைக்கச் சபையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். செற்றுக்குக் கொடுக்கும் கவனத்தை மேலே ஏறும் கேபிளுக்கும் கொடுங்கள். மெல்லிய ஆர்.ஜீ. 58இல் 30 மீற்றர் ஓடினால் 150 மெகாஹேர்ட்ஸில் சக்தியின் முக்கால் பங்கு வழியிலேயே போய்விடும், ஆர்.ஜீ. 213 என்றால் பாதிக்கு மேல் மேலே போய்ச் சேரும். இணைப்பு முனைகளைச் சுயமாக ஒட்டும் இறப்பர் ரேப்பால் மூடாவிட்டால் உப்புக்காற்று உள்ளே இறங்கிவிடும். இடி தாங்கியும் நிலத்தொடுப்பும் கட்டாயம். நிலையச் செற்றை 12 வோல்ற் வாகனப் பற்றரியில் ஓட்டி, அதைச் சோலரில் ஏற்றுங்கள், புயலின்போது மெயின் கரண்டை நம்ப முடியாது.

ஒரு செற்றின் பேச்சை வாங்கி உயரத்தில் இருந்து திரும்ப அனுப்பும் றிப்பீற்றர் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு இரண்டு மீடிறன், வடிகட்டி, தனி அனுமதி, பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும். ஒரு வருடம் நேரடிச் சனலில் ஓடிப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

பாவனையில்

அழுத்தி ஒரு வினாடி பொறுத்துப் பேசச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் போகாது. முதலில் யாரைக் கூப்பிடுகிறோம், பிறகு நாம் யார். இடத்தைச் சந்தியின் பெயரால் சொல்லுங்கள். "இஞ்சை, அந்தக் கடைக்குப் பக்கத்திலை" என்று சொன்னால் அம்புலன்ஸ் வராது. வாரத்தில் ஒரு நாள் ஒரே நேரத்தில் எல்லாச் செற்றையும் வரிசையாக அழைத்துப் பதில் எடுங்கள், பற்றரி போனது மழைக்கு முன்னரே தெரியவரும்.

ஒரு பதிவேடு திறந்து தொடர் இலக்கம், யாரிடம் இருக்கிறது, பற்றரி வாங்கிய திகதி, அனுமதி புதுப்பிக்க வேண்டிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். செற் தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போட்டு ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள். உங்கள் செற்களை வேறு அணிக்குக் கொடுக்கும் நாள் வந்தால் உங்கள் சனல்களை அழித்து, எழுத்தில் கையளித்து, ஆணைக்குழுவிடம் பெயரை மாற்றிய பிறகு கொடுங்கள். அதுவரை அந்தச் செற்றில் யார் என்ன பேசினாலும் பொறுப்பு உங்கள் அமைப்புக்குத்தான்.